சிவப்புக் கோடு விழவில்லை, ஆனாலும் ஏதோ இடிக்கிறது

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவர்களுக்கு, போகிற ஆங்கில மெயில்களை முன்கூட்டியே ஒருமுறை படித்துப் பார்ப்பது என் வேலையில் பாதி. எழுதுகிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். எழுத்துப்பிழை அநேகமாக இருக்காது. இருந்தால் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். சிக்கல் வருவது கோடு விழாத இடத்தில்தான். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகச் சரியாக இருக்கும். சேர்த்துப் படித்தால் எதிரில் இருப்பவருக்கு வேறு அர்த்தம் போகும். அர்த்தம் போய்ச் சேர்ந்தாலும் சோற்றில் கல் மாதிரி நெருடும்.

இத்தனை வருஷத்தில் பார்த்த வரைக்கும், இதற்குக் காரணம் ஆங்கிலம் தெரியாதது இல்லை. அடியில் ஒரு தமிழ் வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருப்போம். அல்லது பழைய ஆபீஸ் கடிதத்தில் பார்த்ததை எடுத்துப் போட்டிருப்போம். மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் திருத்துவது ஒரு நிமிட வேலை. அதனால் இலக்கண வரிசையை விட்டுவிட்டு அறிகுறி வரிசையில் சொல்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள்.

சாதாரணமாகக் கேட்டதற்கு எதிராளி முறைத்துக்கொள்கிறார்

முதலில் 'டவுட்' என்ற சொல்லைத் தேடுங்கள். பத்துக்கு ஏழு தடவை அங்கேதான் இருக்கும்.

புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிறவர்) பெண் ஒருத்தி இங்கிலாந்து பையருக்கு எழுதினாள்: 'வி ஹேவ் எ டவுட் இன் யுவர் மெஷர்மென்ட் சார்ட்.' அவள் கேட்க நினைத்தது சின்ன விஷயம். கை நீளத்தைத் தோள் தையலிலிருந்து அளப்பதா, பின்கழுத்து நடுவிலிருந்து அளப்பதா? அவ்வளவுதான். பதில் இரண்டே வரியில் வந்தது: அந்த அளவுகளை எங்கள் டெக்னிக்கல் ஆட்கள் சரிபார்த்துவிட்டார்கள், தவறு இருப்பதாக நினைத்தால் எங்கே என்று காட்டவும். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே விளங்கவில்லை.

தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. வகுப்பில் கை தூக்கி 'சார், ஒரு சந்தேகம்' என்றால் அது கேள்வி. 'எனக்கு அவன் மேல் சந்தேகம்' என்றால் அது நம்பாமை. ஆங்கில டவுட்டுக்கு இரண்டாவது வேலைதான் பிரதானம். 'உங்கள் அளவு அட்டவணையை நம்பவில்லை' என்று நாம் எழுதியதாகவே அந்த மனிதர் படித்திருக்கிறார்.

கேள்வி என்றால் கேள்வி என்றே எழுதுங்கள்: 'ஐ ஹேவ் எ கொஸ்டியன் அபவுட் தி ஸ்லீவ் லென்த்.' அடுத்த வரியில் கேள்வியையும் கேட்டுவிடுங்கள். 'எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது' என்று அறிவித்துவிட்டு நிறுத்திக்கொள்வதில் ஒரு நாள் வீணாகிறது.

இதே வகையில் இன்னொன்று, 'ஒய் யூ ஹேவ் நாட் சென்ட்' என்று தொடங்குவது. நம் காதுக்கு 'ஏன் அனுப்பவில்லை' என்று சாதாரணமாகத்தான் கேட்கும். எதிரில் படிப்பவருக்கு அது அதட்டல். 'குட் யூ ப்ளீஸ் செண்ட்' என்று மாற்றினால் போதும்.

சொன்ன தேதி ஒன்று, அவர் புரிந்துகொண்டது வேறொன்று

என் மேஜைக்கு அதிகம் வருகிற வியாதி இது. பணம் போவதும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'ஒன்லி' இருக்கிறதா பாருங்கள். 'நாளைக்கே அனுப்பிவிடுகிறோம்' என்று சுறுசுறுப்பைக் காட்ட நினைத்து 'வி வில் டிஸ்பேட்ச் டுமாரோ ஒன்லி' என்று எழுதுகிறோம். படிப்பவருக்கு அது 'நாளைக்குத்தான் அனுப்புவோம், அதற்கு முன் முடியாது' என்று போகிறது. நாம் காட்டிய வேகம் அங்கே பிகுவாக மாறிவிடுகிறது. தமிழில் 'ஏ'யும் 'தான்'னும் அழுத்தத்துக்கு வருபவை. இரண்டையும் ஒன்லி என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். சாக்கை அவிழ்த்துவிடுங்கள். ஒன்லியை அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்தால் பெரும்பாலும் வாக்கியம் சரியாகிவிடும். 'டுமாரோ இட்செல்ஃப்' என்பதும் இதே கதைதான்.

'விதின் ஃப்ரைடே' இருந்தால் அதற்குக் காரணம் 'க்குள்'. வெள்ளிக்கிழமைக்குள் என்றும் சொல்கிறோம், இரண்டு நாளைக்குள் என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு. எண்ணிக்கையாக இருந்தால் விதின்: 'விதின் டூ டேஸ்'. நாளோ தேதியோ மணியோ என்றால் பை: 'பை ஃப்ரைடே', 'பை 5 ஓ கிளாக்'. இந்த இடத்தில் 'டில் ஃப்ரைடே' என்று போடுகிறவர்களும் உண்டு. டில் என்றால் 'வரை'. 'வெள்ளிக்கிழமை வரை சரக்கைப் பிடித்து வைத்திருப்போம்' என்பதற்கு அது பொருந்தும்; 'வெள்ளிக்கிழமைக்குள் பணம் அனுப்புங்கள்' என்பதற்குப் பொருந்தாது.

'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதியிருந்தால் இங்கே தமிழே கைகொடுக்கும். உங்கள் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மூன்று வருஷமாக' என்று 'ஆக' வந்தால் ஃபார். '2019-இலிருந்து' என்று 'இலிருந்து' வந்தால் சின்ஸ். இந்த ஒரு சோதனையை மனதில் வைத்துக்கொண்டவர்கள் பிறகு இதில் தவறி நான் பார்த்ததில்லை. ஆனால் தமிழ் காலை வாருகிற இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. 'மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று வந்துவிடும். தொடங்கி இன்னும் முடியாத வேலைக்கு 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்பதுதான் சரி.

'டுடே மார்னிங்', 'எஸ்டர்டே நைட்' இரண்டும் இன்று காலை, நேற்று ராத்திரி என்பவற்றின் நேர் நகல். 'திஸ் மார்னிங்', 'லாஸ்ட் நைட்' என்று மாற்றுங்கள். அர்த்தம் தவறாது, நெருடல் மட்டும் போகும்.

அப்புறம் 'ப்ரீபோன்'. எனக்குப் பிடித்த சொல். தள்ளிப்போடுவதற்கு போஸ்ட்போன் இருந்தால் முன்னால் இழுப்பதற்கு ஒன்று வேண்டாமா? ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில்கூட இந்திய ஆங்கிலமாக இடம்பிடித்துவிட்டது. உள்ளூரில் தாராளமாக எழுதுங்கள். வெளிநாட்டு ஆளுக்கு எழுதும்போது மட்டும் வேண்டாம். தெரியாத சொல்லைப் பார்த்தவுடன் தெரிந்த போஸ்ட்போனாகப் படித்துவிடுவார். பிரிட்டிஷ்காரர் இதற்கு 'பிரிங் ஃபார்வர்ட்' என்பார், அமெரிக்கர் 'மூவ் அப்' என்பார். இதிலும் குழப்பம் வர வாய்ப்பு உண்டு என்பதால் நான் எப்போதும் பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் போடச் சொல்வேன். மாதத்தை எழுத்தில் போட வேண்டும். 04/05 என்பது நமக்கும் பிரிட்டனுக்கும் மே 4, அமெரிக்காவுக்கு ஏப்ரல் 5.

வாக்கியத்தில் ஒரு சொல் கூடுதலாகத் தொங்குகிறது

'லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் தி ப்ரைஸ்.' விலையைப் பற்றிப் பேசலாம் என்பதில் இருக்கிற 'பற்றி'தான் அந்த அபவுட். ஆனால் டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே பற்றி அடங்கியிருக்கிறது. 'டிஸ்கஸ் தி ப்ரைஸ்' போதும். 'ஆர்டர்ட் ஃபார்', 'எம்ஃபசைஸ் ஆன்', 'ரெக்வெஸ்ட்டட் ஃபார்', 'டெஸ்பைட் ஆஃப்' எல்லாவற்றிலும் கடைசிச் சொல் அதிகப்படி.

இதில் ஏன் குழம்புகிறோம் என்றால், இதே சொற்கள் பெயர்ச்சொல்லாக வரும்போது ஒட்டு தேவைப்படுகிறது. 'எ டிஸ்கஷன் அபவுட் தி ப்ரைஸ்' சரி. 'எ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி. வினையாக வந்தால் ஒட்டு போய்விடும். சந்தேகம் வந்தால் அதற்கு முன்னால் ஓர் 'எ' போட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒட்டு வேண்டும்.

'ரிட்டர்ன் பேக்', 'ரிப்பீட் அகெய்ன்', 'கோப் அப் வித்' என்பவற்றில் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிறோம், நடுசென்டர் என்று சொல்வது மாதிரி. பேக், அகெய்ன், அப் மூன்றையும் வெட்டுங்கள்.

கடைசி வரி எப்போதும் தடுக்குகிறது

'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.' டு வந்தால் அடுத்தது வெறும் வினை என்று பள்ளியில் படித்த பழக்கம். இந்த டு அந்த டு இல்லை. இது 'மதுரைக்குப் போகிறேன்' என்பதில் வருகிற 'கு' போல, ஒரு பெயரை நோக்கி நிற்பது. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்' என்று பெயர்ச்சொல்லைப் பொருத்திப் பாருங்கள். பொருந்துகிறது அல்லவா? அப்படியானால் அங்கே வினை வந்தாலும் பெயர் வேஷத்தில் 'ஹியரிங்' என்றுதான் வர வேண்டும். 'வித் எ வியூ டு', 'ஆப்ஜெக்ட் டு' இரண்டுக்கும் இதே வைத்தியம்.

கையெழுத்துக்கு மேலே வரும் வரியையும் பார்த்துவிடுங்கள். பிரிட்டிஷ் வழக்கில், பெயர் போடாமல் 'டியர் சார்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி', பெயர் போட்டுத் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. எதுவானாலும் யுவர்ஸில் எஸ்ஸுக்கு முன்னால் மேற்கோள் குறி கிடையாது. அந்தக் குறியை நான் அழித்த கணக்கை எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டு நிரம்பியிருக்கும்.

ஒருமையா பன்மையா என்று தடுமாற்றம்

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ் கமிங்.' என் நண்பன் ஒருவன் வருகிறான் என்பதில் நண்பன் ஒருமை, அதனால் கை தானாக ஒருமையை எழுதுகிறது. 'என் நண்பர்களில் ஒருவன்' என்று தமிழை மாற்றிக்கொண்டு எழுதினால் 'ஃப்ரெண்ட்ஸ்' தானாக வந்துவிடும். வினை மட்டும் அந்த ஒருவனைப் பார்த்து ஒருமையிலேயே நிற்கும்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு கொக்கி

நம்மில் பலர் முதன்முதலில் எழுதிய ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர்தான். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' என்று தொடங்கி, 'ஸோ ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் தி ஸ்கூல்' என்று முடியும். பிழை அங்கேயே விதைக்கப்பட்டுவிட்டது. ஆஸ் என்று தொடங்கியபோதே காரணம் சொல்லியாகிவிட்டது. திரும்ப ஸோ எதற்கு? 'ஆல்தோ... பட்' என்பதும் இப்படித்தான். 'மழை பெய்தாலும் ஆனால் போனேன்' என்று தமிழில் யாரும் எழுத மாட்டோம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறோம். 'தி ரீசன் இஸ் பிகாஸ்' என்பதைப் பல ஆங்கிலேயர்களே எழுதுகிறார்கள் என்றாலும் 'தி ரீசன் இஸ் தட்' சுத்தமானது.

படித்தவர் சிரிக்கிறார், ஏன் என்று தெரியவில்லை

இது காதால் எழுதிய பிழை. தமிழ்க்காரர்களுக்கு மட்டும் உரியது இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் நம்மைவிட அதிகமாகச் செய்வார்கள், ஏனென்றால் அவர்கள் முதலில் காதால்தான் கற்றார்கள். ஒரே ஒலியில் இரண்டு சொல் இருக்கும், இரண்டுமே அகராதியில் இருக்கும், அதனால் சிவப்புக் கோடு வராது. தொடர் எங்கே பிறந்தது என்று பார்த்துவிட்டால் மறுபடி தவறாது.

'ஃப்ரீ ரெயின்' என்றால் முழுச் சுதந்திரம் கொடுப்பது. அரசாட்சி என்று பொருள் தரும், நடுவில் ஜி வரும் ரெயினைப் பலர் எழுதுகிறார்கள். அரசாட்சிக்கும் சுதந்திரத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பது போலவும் தோன்றும். உண்மையில் இது குதிரைக் கடிவாளத்து வார். வாரைத் தளர்த்தி விட்டால் குதிரை இஷ்டத்துக்குப் போகும். ஜி கிடையாது.

'டோ தி லைன்' என்பதில் இருப்பது கால் விரல். இ-யில் முடியும் டோ. போட்ட கோட்டில் விரலை வைத்து வரிசையாக நிற்பது, அதாவது கட்டளைக்கு அடங்குவது. டபிள்யூவில் முடியும் டோ என்று எழுதினால் கயிறு கட்டி இழுப்பதாகிவிடும், வண்டி பிரேக்டவுன் ஆன மாதிரி.

'வித் பேட்டட் ப்ரெத்' என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. இந்த பேட்டட், தணிதல் என்று பொருள்படும் அபேட்டட் என்பதன் சுருக்கம். ஷேக்ஸ்பியர் நாடகத்திலேயே வருகிறது. நடுவில் ஓர் ஐ சேர்த்தால் தூண்டில் இரை மாட்டிய மூச்சு. மீன் வாடை அடிக்கும்.

ஆர்வத்தைத் தூண்டியது என்பதற்கு 'பீக்ட் மை இன்ட்ரஸ்ட்'. இந்த பீக் குத்துதல் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்தது, க்யூ-யு-இ என்று முடியும். மலை உச்சிக்கு ஒரு பீக், எட்டிப் பார்ப்பதற்கு ஒரு பீக் என்று இன்னும் இரண்டு உண்டு. 'ஸ்னீக் பீக்' என்பதில் வருவது எட்டிப் பார்க்கும் பீக், நடுவில் இரண்டு இ.

'ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ்' என்பது 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட வாசகத்திலிருந்து வந்தது. நோக்கம், பயன் என்று சட்டத்துக்கே உரிய இரட்டைச் சொல். வேகமாகச் சொன்னால் 'இன்டென்சிவ் பர்ப்பஸஸ்' என்று காதில் விழும். அப்படி எழுதினால் அர்த்தமே இல்லை. 'ஷுட் ஆஃப்' என்று எழுதுவதும் காதின் வேலைதான். 'ஷுட் ஹேவ்' என்பதன் சுருக்கம் அப்படிக் காதில் விழுகிறது. 'பெர் ஸே' லத்தீன், எஸ்-இ என்று முடியும். சொல்வது என்ற ஸே இல்லை.

பிழை இல்லை, ஆனால் பழைய வாசனை

'ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்' என்பதைப் பார்த்தால் சிலருக்கு எரிச்சல் வருகிறது. எனக்கு வருவதில்லை. இது இலக்கணப் பிழையே இல்லை. பிரிட்டிஷ் அலுவலகங்கள் ஒரு காலத்தில் எழுதிய ஆங்கிலம். அவர்கள் விட்டுவிட்டார்கள், நம் ஃபைல்கள் விடவில்லை. 'ஆவன செய்யவும்' என்று நம் அரசுக் கடிதங்களில் வருகிறதே, அதன் ஆங்கில ஜோடி இது. என் குறை வேறு: நீட்ஃபுல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் சொல்லவே இல்லை. 'சாம்பிளைப் பார்த்து அப்ரூவல் கொடுங்கள்' என்று செய்ய வேண்டியதையே எழுதினால் வேலை நடக்கும்.

'ரிவர்ட்' என்பதைப் பதில் எழுது என்ற பொருளில் நாமும் சிங்கப்பூர், மலேசியாக்காரர்களும் சகஜமாக எழுதுகிறோம். மற்ற ஊர்களில் அதற்குப் பழைய நிலைக்குத் திரும்பு என்று அர்த்தம். அமெரிக்க பையருக்கு 'ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி டிசைன்' என்று எழுதினால், பழைய டிசைனுக்கே போகச் சொல்கிறார்களா என்று அவர் யோசிப்பார். 'ரிப்ளை' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது.

'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து அதிகாரிகள் மிச்சம் வைத்துப் போனது. வெளியில் எழுதும்போது 'அவுட் ஆஃப் டவுன்' என்றால் போதும். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2015' என்று பயோடேட்டாவில் எழுதாதீர்கள். 2015-இல் மயங்கி விழுந்ததாகப் படிப்பார்கள். பரங்கிமலை ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமியில் நடக்கும் பாஸிங் அவுட் பரேடு மட்டும் பிரிட்டனிலும் சரி, அது ராணுவ வழக்கு. கல்லூரிக்கு 'கிராஜுவேட்டட்'. 'கோ-பிரதர்' என்பது நம் சகலைக்கு நாம் கண்டுபிடித்த ஆங்கிலம். அருமையான சொல், ஆனால் தென்னிந்தியாவைத் தாண்டினால் யாருக்கும் புரியாது.

ஒரே தொடர், இரண்டு நாட்டில் எதிரெதிர் அர்த்தம்

இங்கே உங்கள் மேல் தப்பே இல்லை. 'டேபிள்' என்ற வினை பிரிட்டனில் விவாதத்துக்கு எடுத்து வைப்பது, அமெரிக்காவில் பேசாமல் ஓரங்கட்டுவது. இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு ராணுவத்தாரும் இந்த ஒரு சொல்லை வைத்து நெடுநேரம் மல்லுக்கட்டியதாகவும், கடைசியில் இருவரும் கேட்டது ஒன்றேதான் என்று தெரிந்ததாகவும் சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

'மூட் பாயிண்ட்' அப்படித்தான். சட்டக் கல்லூரியில் மூட் கோர்ட் பார்த்தவர்களுக்கு அதன் பழைய பொருள் தெரியும்: வாதத்துக்கு உரியது. அமெரிக்காவில் இப்போது 'இனிப் பேசிப் பயனில்லாதது' என்றே பெரும்பாலும் ஓடுகிறது. 'கொய்ட் குட்' என்று அமெரிக்கர் எழுதினால் சாம்பிள் பிடித்திருக்கிறது. பிரிட்டிஷ்காரர் எழுதினால் பெரும்பாலும் 'பரவாயில்லை' ரகம். துணியை இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பது உத்தமம். இரண்டு பக்கமும் போகிற மெயில் என்றால் இந்தத் தொடர்களைத் தொடவே தொடாதீர்கள்.

எதிலும் அடங்கவில்லை, இருந்தாலும் நெருடுகிறது

ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டின் மாணவர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், கீழே இருக்கும் உதாரண வாக்கியங்களைப் படியுங்கள். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது அங்கேதான் தெரியும். கூகுளில் போட்டு 'நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள்' என்று எண்ணிக்கையை நம்பாதீர்கள். தப்பான தொடர்களையும் நிறைய பேர்தான் எழுதுகிறார்கள்.

அப்படியும் தீரவில்லை என்றால் அந்தத் தொடரையே தூக்கிவிடுங்கள். போன மாதம் அதே மெர்ச்சண்டைசர் பெண், லேப் டிப் (நிறம் சரியா என்று பார்க்கச் சாயம் போட்ட மாதிரித் துணித்துண்டு) அப்ரூவலுக்காக 'வி ஆர் வெயிட்டிங் வித் பேட்டட் ப்ரெத்' என்று எழுதியிருந்தாள், ஐ சேர்த்து. ஐ-யை எடுக்கலாமா என்று யோசித்தேன். ஒரு நீல நிறத் துணித்துண்டுக்காக யாராவது மூச்சைப் பிடிப்பார்களா? தொடரை அடித்துவிட்டு, 'ப்ளீஸ் அப்ரூவ் தி லேப் டிப் பை தர்ஸ்டே' என்று போட்டோம். புதன்கிழமையே அப்ரூவல் வந்துவிட்டது. ஆங்கிலத்தைத் திருத்தியதால் வந்தது என்று அவள் நினைக்கிறாள். பையருக்கும் அவசரம் என்பது என் எண்ணம்.